குதிரைப் பெட்டியைப் பின்னால் விட்ட நாட்கள்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் ஒரு குதிரைக்காரர். அதற்கு முன் நான் எட்டு வருஷம் லொறி ஓட்டியிருந்தேன். பன்விலவிலிருந்து கண்டிக்கு இறங்கும் பாதையில், மழையிலும் மூடுபனியிலும், தேயிலைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய் வந்தவன். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒடுக்கமான இடத்தில் எதிரே பஸ் வந்தால் பஸ்காரன்தான் பின்னால் போவான். நான் போனதில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவ்வளவு திமிர். பிறகு யோசித்துப் பார்த்தால் என் வினை அந்தத் திமிரில்தான் இருந்தது. எட்டு வருஷமும் முன்னால் போகத்தான் பழகியிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. பன்விலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லொறி டிரைவராக இருந்தேன். வீடும் மனைவியும் அலவத்துகொடையில். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஊருக்கு வருவேன், சனிக்கிழமை விடியற்காலையில் திரும்பிவிட்டால் அடுத்த வெள்ளி வரை தோட்டம்தான்.

தோட்டத்துத் துரையிடம் ஒரு பெண் குதிரை இருந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைப் பட்டை. ஒன்பது வருஷம் அவர் அதன்மேல் ஏறித்தான் மலை மலையாகக் கொழுந்து பார்க்கப் போனார். அந்த வருஷ மழையில் ஒரு கல் மதகில் அது வழுக்கி விழுந்து முன்னங்கால் நரம்பைக் கெடுத்துக்கொண்டது. கண்டியிலிருந்து மிருக வைத்தியர் வந்து பார்த்தார். உயிருக்குப் பயமில்லை, சமதரையில் மேய விட்டால் இன்னும் பல வருஷம் இருக்கும், ஆனால் இறக்கத்தில் ஓர் அடி நடக்க விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மலையின் உச்சியில் கட்டி வைத்திருக்கும் குதிரைக்குச் சொல்கிற மருந்தா இது!

அதே சமயத்தில் துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்ப இருந்தார். வரப்போகும் புதுத் துரைக்குக் கார் இருக்கிறது, குதிரை வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டாராம். தெல்தெனியாப் பக்கம், ஆற்றோரமாகக் கொக்கோத் தோட்டம் வைத்திருந்த ஒரு சிங்கள அம்மையார் குதிரையை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். அங்கே புல்வெளி பாய் விரித்ததுபோல இருக்கும். கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. பந்தயக் குதிரை வைத்திருந்த வேறொரு துரையிடம் குதிரைப் பெட்டி ஒன்று இரவல் கேட்டு வாங்கினார்கள். இரண்டு சக்கரம், மரப்பலகைச் சுவர், பின்பக்கம் கீழே விழுந்து சாய்பலகையாகிற கதவு. முன்னால் ஒரு நீண்ட இரும்பு. அதை லொறியின் வாலில் மாட்டிக் கொளுவ வேண்டும்.

துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவருடைய தோட்டத் தமிழ் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"டிரைவர், குதிரை இறங்கணும். பெட்டி பின்னாலே மேலே போகணும். மூணு வாரம் கழிச்சு எனக்குக் கப்பல். அதுக்குள்ளே முடியலன்னா, நான் சுடும். பஜார் வண்டியிலே பூட்ட விட மாட்டேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் திரும்பவே இல்லை. பிறகு நானாக வெளியே வந்தேன்.

பெட்டி ஏன் பின்னால் போக வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து குதிரைக் கொட்டிலுக்குக் கால் மைல் ஏற்றம். ஒரு பக்கம் மேடு, மேட்டடியில் தண்ணீர் ஓடும் கான். மறு பக்கம் தேயிலைச் செடிகளோடு சரிந்து போகும் பள்ளம். நடுவில் ஒரு வளைவு. கொட்டிலோடு பாதை முடிந்துவிடும், அதற்குப் பின்னால் பாறை. லொறியும் பெட்டியும் திரும்ப அங்கே இடமே கிடையாது. நேராக ஏறிப் போனால் குதிரையை வைத்துக்கொண்டு பின்னால் இறங்க வேண்டும். அதைவிட, வெறும் பெட்டியைப் பின்னால் ஏற்றி, குதிரையோடு முன்னால் இறங்குவது மேல். ஆட்களை வைத்துப் பெட்டியை இழுத்துவிடலாமே என்று நானும் கேட்டேன். முந்திய வருஷம் பாதை உருளையை அந்த மேட்டில் இழுத்தபோது ஒருவருக்குக் கால் நசுங்கிப் போனது. அதன்பிறகு அங்கே ஆள் வைத்து எதையும் இழுக்கக்கூடாது என்பது துரையின் கட்டளை.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்றுதான் நினைத்தேன். பிஸ்மி சொல்லி, பெட்டியைக் கொளுவி, அன்றைக்கே ஏறப் போனேன்.

அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரர் பெட்டிக்குப் பின்னால் நின்று வழி காட்டினார். பன்விலத் தோட்டத்திலேயே பிறந்தவர், என் வயதுதான் இருக்கும். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று கடைசிவரைக்கும் தீரவில்லை.

லொறிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பின்னால் எடுக்கும்போது கிளீனர் எந்தப் பக்கம் கையைச் சுழற்றுகிறானோ அந்தப் பக்கம் சுக்கான் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அவன் வண்டியைக் காட்ட மாட்டான், சுக்கானைத்தான் காட்டுவான். குதிரைக்காரர்களின் வழக்கம் வேறு என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் குதிரையின் பின்பக்கம் எங்கே நகர வேண்டுமோ அந்தப் பக்கம் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். அவர் மேட்டுப் பக்கம் கையை விரித்தார். நான் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு மேட்டுப் பக்கம் சுக்கானைத் திருப்பினேன். பெட்டியோ பள்ளத்துப் பக்கம் போனது. அவர் இன்னும் வேகமாக மேட்டுப் பக்கம் கையை ஆட்டினார். நானும் இன்னும் வேகமாகத் திருப்பினேன். ஒரு சக்கரம் பாதையை விட்டு இறங்கி, பெட்டி தேயிலைக்குள் சாய்ந்து நின்றது. நல்ல காலம், உள்ளே ஒன்றும் இல்லை.

"என்னா நானா, மேட்டுப் பக்கம் காட்டுறேன், பள்ளத்துக்குப் போறீங்க!"

"நீங்க காட்டின பக்கந்தானே திருப்பினன்! கண்ணு பின்னாலயா ஈக்குது எனக்கு?"

"நானாவுக்கு முன்னுக்கு ஓட்ட மட்டுந்தான் தெரியும்போல."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நீங்க குதிரையப் பாருங்க, லொறிய நான் பாக்கிறன் என்று கத்தினேன். பெட்டியைத் தூக்கி மேலே வைப்பதற்குள் அரை நாள் போய்விட்டது. இனி பழகாமல் மேட்டுப் பக்கம் வரக்கூடாது என்று துரை சொல்லி அனுப்பினார். எட்டு வருஷ டிரைவருக்கு!

மறுநாளிலிருந்து பெரட்டுக் களத்தில் பழகினேன். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து விடுகிற வெட்டவெளி அது. குதிரைக்காரர் பழைய கொழுந்துக் கூடைகளை இரண்டு வரிசையாக வைத்து ஒரு பாதைபோல ஆக்கியிருப்பார். நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கூடைகளோடு வந்து நிற்பார். வரிசைக்கு நடுவே பெட்டியைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனேனா? ஒரு கூடையையும் நான் மிச்சம் வைக்கவில்லை. கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் தலையில் கட்டிய துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"அடியே, கூடைய எடுங்கடி, நானா வாறாரு!"

"நேத்து ஏழு கூட, இன்னிக்கு அஞ்சுதான். நானா தேறிட்டாரு!"

பெட்டியின் புத்தியே தனி. லொறியை வலப்பக்கம் ஒடித்தால் அது இடப்பக்கம் போகும். திருத்தலாம் என்று சுக்கானைத் திருப்பினால், ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, திடீரென்று முழுதாக மடங்கி லொறியின் விலாவில் வந்து இடிக்கும். மூளைக்கு விளங்கியது, கைக்கு விளங்கவில்லை. அதுவும் இந்த மனிதர் பின்னால் நின்று உள்ளங்கையை விரிக்கும்போது என் கை தன்பாட்டில் அந்தப் பக்கம் திருப்பிவிடும். எட்டு வருஷப் பழக்கம். அவரைக் கிளீனர்போலக் காட்டச் சொன்னேன். அவர் பாடுபட்டுப் பழகினார். ஆனால் பெட்டி ஆபத்தான பக்கம் போகத் தொடங்கியதும் பதறிப்போய்த் தன் பழைய மாதிரியே கையை விரித்துவிடுவார். அவருக்கும் அது கையில் ஊறிய பழக்கம்தானே.

அந்த வாரம் வியாழக்கிழமை நான் ஒரு வார்த்தை சொன்னேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். பெட்டி மடங்கி லொறியின் பின்விளக்கு உடைந்தது. நான் இறங்கி, கதவை அடித்துச் சாத்தி, "சுட்டாச் சுடட்டும்! ஒரு நொண்டிக் குதிரைக்கு இந்தப் பாடா!" என்று களம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். குதிரைக்காரர் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். சாய்ந்து கிடந்த கூடைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, தூசியைத் தட்டி, மறுபடியும் வரிசையாக வைத்தார். கடைசிக் கூடையை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "இன்னொரு தடவ பாப்போமே நானா" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீட்டுக்கு வந்தேன். வந்ததிலிருந்து புலம்பல்தான். பெட்டி இப்படிச் செய்தது, பெட்டி அப்படிச் செய்தது. என் மனைவி சஹனைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு அது.

"வந்த நேரத்திலிருந்து பெட்டிக்கு ஏசுறீங்க. பெட்டிக்குக் காது ஈக்குதா?" என்றாள்.

"ஒனக்கென்ன தெரியும்? நீ லொறியில ஏறி ஈக்கிறியா?"

"லொறியில ஏறல்ல. வண்டி பாத்திரிக்கிறன்."

அவளுடைய வாப்பாவிடம் இரண்டு மாட்டு வண்டிகள் இருந்தன. கண்டியிலிருந்து அரிசியும் கருவாடும் ஏற்றி வந்து அக்குறணைக் கடைகளுக்குப் போடுவார். சுமையை இறக்க வண்டியைப் பின்பக்கமாகச் சந்துக்குள் விட வேண்டும். சின்ன வயதில் இவள் ஜன்னல் இடுக்கு வழியாக அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. கல்யாணமாகி ஐந்து வருஷம், நான் கேட்டதில்லை.

அவள் அகப்பையை எடுத்துப் பாயில் வைத்தாள். "இந்தத் தலைப்பு வண்டி. பிடி ஏர்க்கால். பிடிட நுனியில மாடு. வாப்பா வண்டியப் பின்னுக்கு விடுற நேரம், வண்டிட வால் எங்க போகணுமெண்டு பாத்துட்டு, மாட்டுட தலைய அடுத்த பக்கம் தள்ளுவாரு. தள்ளிப் பாருங்க."

பிடியை இடப்பக்கம் தள்ளினேன். தலைப்பு வலப்பக்கம் போனது.

"ஒங்கட லொறிதான் மாடு. நீங்க மாட்டுக்கு மேல குந்திக்கிட்டு வண்டிய ஓட்டப் பாக்கிறீங்க."

"வெளங்குது. வெளங்காம என்ன? ஓட்டுற நேரம் கை மறக்குதே, அதுக்கு என்ன செய்ய?"

"கை எப்பிடிப் புடிக்குது? காட்டுங்க" என்று சஹனை என் கையில் கொடுத்தாள். நான் அதைச் சுக்கான்போல நிமிர்த்தி, மேல் விளிம்பைப் பிடித்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"சஹன ஆராவது இப்பிடிப் புடிப்பாங்களா? சோறெல்லாம் கொட்டிப் போகும். அடியில புடிங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் விளையாட்டாகத்தான் அடி விளிம்பைப் பிடித்தேன். பிடித்து, கையை வலப்பக்கம் நகர்த்தினேன். என் கை வலப்பக்கம் போனது, சஹனின் மேல் விளிம்பு இடப்பக்கம் போனது. அப்படியென்றால் லொறி இடப்பக்கம் ஒடியும், பெட்டியின் வால் வலப்பக்கம் போகும். என் கை போன பக்கமே! இன்னொரு தடவை நகர்த்திப் பார்த்தேன். மறு பக்கமும் பார்த்தேன். யா அல்லாஹ், ஐந்து நாளாகச் செத்துப் பிழைத்தது இதற்கா!

"என்ன, ஜின்னக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.

சுக்கானை அடியில் பிடித்தால், வால் எங்கே போக வேண்டுமோ அங்கே கையைக் கொண்டுபோனால் போதும். குதிரைக்காரர் உள்ளங்கையை விரிக்கிற பக்கம் என் கையும் போனால் போதும். நான் இதை விளக்க விளக்க அவள் தலையை ஆட்டிக்கொண்டே சோறு போட்டாள். சஹனில் நல்ல இறைச்சித் துண்டுகளைப் பார்த்துப் பார்த்து அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதை என் பக்கமே திருப்பித் தள்ளினாள். "அந்தக் குதிரைக்காரர்ட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்று கேட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "கேளுங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை களத்துக்குப் போனேன். கூடைகள் வரிசையாக இருந்தன, அவரும் நின்றார்.

"அண்ணே, அண்டைக்கு நான் சொன்னது பெரிய பிழை. மனசுல வெச்சுக்காதீங்க."

"அட விடுங்க நானா. என் வாய்க்கு நீங்க தேவல."

"இனி நீங்க உங்கட மாதிரியே கையைக் காட்டுங்க. வால் எங்க போகணுமோ அங்க."

சுக்கானின் அடியைப் பிடித்தேன். அவர் கையை விரித்த பக்கம் என் கையை நகர்த்தினேன். பெட்டி, சொல் பேச்சுக் கேட்கிற பிள்ளையாக, அந்தப் பக்கம் வந்தது. இரண்டு கூடைதான் விழுந்தது. மூன்றாம் தடவை ஒன்றுமே விழவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். நான் இறங்கிப் பெரிய மனுஷன்போலச் சலாம் வைத்தேன்.

அதற்குப் பிறகு கற்க வேண்டியது பொறுமைதான். கொஞ்சமாகத் திருப்பு, பெட்டி பதில் சொல்லும்வரை காத்திரு, பதில் வந்ததும் உடனே பின்தொடர்ந்து நேராக்கு. மடங்கத் தொடங்கினால் வீம்பு பிடிக்காமல் நிறுத்தி, முன்னால் கொஞ்சம் போய், நேராக்கிக்கொண்டு மறுபடியும் வா. வீம்புதான் எனக்குக் கூடப் பிறந்ததாயிற்றே. முதலில் கசந்தது. பிறகு அதிலும் ஒரு சுகம் இருந்தது.

நான் களத்தில் பழகியதுபோலவே குதிரையும் கொட்டிலில் பழகிக்கொண்டிருந்தது. அதற்கு வெற்றுப் பலகையின் சத்தம் பயம். குளம்பு பட்டு 'டொம்' என்றால் நடுங்கிப் பின்வாங்கிவிடும். குதிரைக்காரர் ஒரு பழைய கதவைச் செங்கல்மேல் சாய்த்துவைத்து, அதன் மேல்முனையில் தாம் நின்றுகொண்டு, கையில் வெல்லக்கட்டியோடு கூப்பிடுவார். "வா தாயி. ஒண்ணுமில்ல தாயி. நான் இருக்கேன்ல." குதிரை மூக்கை நீட்டும், ஒரு காலை வைக்கும், எடுத்துவிடும். ஒரு வாரத்தில் நான்கு காலையும் வைத்து ஏறி, அவருடைய நெஞ்சில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. பிறகு அவரைக் கண்டாலே தானாக ஏறத் தொடங்கிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் கொட்டில் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நான் சும்மாதான் கேட்டேன்.

"தெல்தெனியாவில ஒங்களுக்குத் தங்கக் காம்பரா குடுப்பாங்களா அண்ணே?"

"எனக்கு எதுக்கு நானா காம்பரா? நான் எங்க போறேன்?"

"நீங்க இல்லாம குதிர?"

"அங்க ஆளு இருக்காமே. நம்ம பேரு பதிஞ்சிருக்கிறது இந்தத் தோட்டத்துல. பொண்டாட்டி இங்கதான் கொழுந்தெடுக்கிறா, அம்மாவும் படுக்கையில. துரை போனதும் நமக்கு மண்வெட்டி வேலதான்." தேநீரை ஒரு மிடறு குடித்தார். "நீங்க படிச்சு முடிக்கிற நாளு, அது போற நாளு."

தினமும் எனக்கு முன்னால் வந்து கூடை வைத்து நிற்பது இந்த மனிதர்தானே என்று நினைத்தேன். "அப்ப எதுக்கு அண்ணே என்ன இப்பிடி விரட்டினீங்க?" என்றேன்.

"உசுரோட போகும்ல, நானா" என்றார்.

அப்போது துரையின் தவணையில் இன்னும் ஒரு வாரம் மீதி இருந்தது. எனக்குப் பெட்டி கைக்கு வந்துவிட்டது. அன்றைக்கே ஏறியிருக்கலாம். ஆனால் நான், "இன்னும் ரெண்டு நாள் பழகிப் பாப்பமே அண்ணே, அந்த வளைவுதான் கொஞ்சம் பயமா ஈக்குது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அந்த இரண்டு நாளும் அவர் களத்துக்கு வரவில்லை. நான் பார்த்தபோதெல்லாம் கொட்டிலில் குதிரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலை அவராகவே வந்து, "போதும் நானா. இன்னிக்குப் போயிருவோம்" என்றார்.

மழையில்லாத காலை. பெட்டியைக் கொளுவி, கொளுக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். லொறியை ரிவர்ஸில் போட்டு, சுக்கானின் அடியைப் பிடித்து, ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினேன். அவர் பின்னால் நடந்தார். அவருடைய உள்ளங்கையை மட்டுந்தான் பார்த்தேன். அது மேட்டுப் பக்கம் விரிந்தால் என் கை மேட்டுப் பக்கம், பள்ளத்துப் பக்கம் விரிந்தால் பள்ளத்துப் பக்கம். வளைவில் பெட்டி மடங்கத் தொடங்கியது. நிறுத்தினேன், முன்னால் வந்தேன், நேராக்கினேன். இரண்டாம் தடவையும் மடங்கியது. மறுபடி முன்னால் வந்தேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் தடவை பள்ளத்துச் சக்கரம் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊர்ந்தது. அவருடைய கை மேட்டுப் பக்கம் மெல்ல, மிக மெல்ல விரிந்தது. என் கையும் அப்படியே போனது. பெட்டி வளைவைத் தாண்டியது.

பெட்டியின் கதவு கொட்டில் வாசலுக்கு நேராக நின்றது. நான் இறங்கியபோது துரை வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, குதிரையின் வெள்ளைப் பட்டையில் கையை வைத்து, "போ" என்றார். அவ்வளவுதான். பங்களாவுக்குள் போய்விட்டார்.

குதிரைக்காரர் முதலில் பெட்டிக்குள் ஏறி, முன்சுவரோடு சாய்ந்து நின்று கூப்பிட்டார். குதிரை நொண்டியபடி சாய்பலகையில் காலை வைத்தது. டொம் என்றது. காதை விறைத்தது, ஆனால் நிற்கவில்லை. நேராக ஏறிப்போய் அவர் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. நான் கதவைத் தூக்கிப் பூட்டினேன். முன்னால் வந்து உட்காருங்கள் என்று சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை?

அன்றைக்கு ஓட்டியதுபோல நான் என் வாழ்நாளில் ஓட்டியதில்லை. வத்தேகாமத்தைத் தாண்டிக் கீழே இறங்கும்வரை முட்டை கொண்டுபோகிறவனாகத்தான் போனேன். எதிரே பஸ் வந்தபோது ஓரத்தில் ஒதுங்கி நின்று வழிவிட்டேன். லொறி நிற்கும் நேரங்களில் பின்னாலிருந்து அவர் பேச்சுக் கேட்கும். என்ன பேசினார் என்று தெரியவில்லை, காது கொடுத்துக் கேட்கவும் எனக்கு மனமில்லை.

தெல்தெனியாவில் ஆற்றோரம் அந்தப் புல்வெளி. வேலியின் வாசலுக்கு ஒரே மூச்சில் பெட்டியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அதன் அருமை அங்கே யாருக்கும் தெரியாது. அம்மையாரின் குதிரைக்காரர் கயிற்றோடு காத்திருந்தார், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நான் கதவை இறக்கினேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டிக்குள் குதிரை திரும்ப முடியாது. ஏறியபடியே பின்னால்தான் இறங்க வேண்டும். முன்னால் போகவும் எங்கள் குதிரைக்காரரிடம் போகவும் மட்டுமே அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். புது ஆள் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார், கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். குதிரை அசையவில்லை. எங்கள் குதிரைக்காரருடைய நெஞ்சில் முகத்தை இன்னும் அழுத்திக்கொண்டது.

"விடுங்க, நான் அனுப்புறேன்" என்றார் உள்ளேயிருந்து.

குதிரையின் மார்பில் உள்ளங்கையை விரித்து வைத்தார். முகத்தோடு முகம். "பின்னுக்குப் போ தாயி" என்று மெல்லத் தள்ளினார். ஓர் அடி பின்னால் வைத்தது. மறுபடி தள்ளினார். இன்னோர் அடி. அது கண்ணை அவர்மேல் வைத்தபடியே போனது. அவர் கையை எடுக்காமல் பெட்டியின் விளிம்புவரை கூடவே வந்தார். சாய்பலகை டொம் டொம் என்றது. கடைசிக் கால் புல்லில் பட்டதும் கை மார்பை விட்டு விலகியது. புது ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

குதிரை நின்று பார்த்தது. அவர் இன்னும் பெட்டிக்குள்தான், மேல்முனையில், கை விரித்தபடியே நின்றார். அது மூக்கை நீட்டி, நொண்டிக் காலைத் தூக்கி, சாய்பலகையில் வைத்தது. புது ஆள் கயிற்றை இழுத்து அதைப் பலகையிலிருந்து இறக்கினார்.

"கதவ மூடுங்க நானா" என்றார். "சீக்கிரம் மூடுங்க. நான் நின்னா அது ஏறி வந்திரும்."

நான் கதவைத் தூக்கி, அவரை உள்ளே வைத்துப் பூட்டினேன்.